எச்சில் விரல்

குப்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கட்டைவிரலை நாக்கில் தொட்டு லேபிளை ஒரு தேய்ப்பு தேய்ப்பார் ஈ அறைக்காரர். இருபத்தாறு வருடப் பழக்கம். ஆய்வகத்தில் வளர்க்கும் பழ ஈக்களுக்குத் தீனி காய்ச்சுவது, குப்பி மாற்றுவது, முட்டை சேகரித்துத் தருவது அவர் வேலை. ஆராய்ச்சி மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் எச்சில்விரலார். அவருக்கு யாரையும் பிடிக்காது; புதிதாகச் சேர்ந்த மாணவியை அறவே பிடிக்காது.

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வந்த அன்றே, "லேபிள்ல பேனாவுல எழுதாதம்மா. பென்சில் பிடிக்கத் தெரியும்ல, இல்ல அதையும் இங்கதான் கத்துக்கணுமா?" என்றார். அவள் காதில் குத்தல் மட்டுமே விழுந்தது. வீம்புக்குப் பேனாவிலேயே எழுதினாள்.

ஈயின் மூச்சுக்குழாய்தான் அவள் ஆய்வு. முட்டைக்குள் கரு வளரும்போது, குழாயின் செல்களுக்குள் ஆக்டின் என்ற புரத இழைகள் வளையம் வளையமாக வரிசைகட்டும். அந்த வரிசையை ஒட்டியே உள்சுவரில் வரிகள் எழும்பும், தூசி உறிஞ்சும் மெஷினின் குழாயைப் போல. அதனால்தான் வளைந்தாலும் குழாய் நசுங்குவதில்லை. ஒரு மரபணுவை நீக்கினால் வளையங்கள் கலையும் என்று ஆறு மாதத்துக்குள் காட்ட வேண்டும். தவறினால் ஆய்வகத்தில் இடமில்லை.

நீக்கிய ஈக்களின் குப்பியில் ஒரு கழித்தல் குறி, மற்றதில் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம், மரபணு நீக்காத நல்ல ஈக்களின் கருக்களிலும் வளையங்கள் சிதறிக் கிடந்தன. பேராசிரியர் எல்லோர் முன்னாலும் படங்களைத் திரையில் போட்டு, கவனமில்லாத கை என்றார். கதவோரம் நின்ற ஈ அறைக்காரரின் கட்டைவிரல் நுனியில் அவள் பேனாவின் நீல மை; குறி அழிந்த குப்பிதான் நல்ல ஈக்களின் குப்பியாக மாறியிருக்கிறது.

"அண்ணே, அந்த விரலைக் காட்டுங்க."

கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "என் விரல்ல என்ன இருக்கு? இருக்க வேண்டியது உன் தலையில."

எல்லோரும் சிரித்தார்கள்.

எல்லாவற்றையும் பென்சிலில் எழுதி மறுபடி தொடங்கினாள். கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது படங்கள் தெளிந்தன: ஒன்றில் வளையங்கள் அடுக்காக, மற்றதில் தாறுமாறாக. இடம் தப்பியது. பெயர் தப்பவில்லை. "கவனம் போதாது" என்றே பேராசிரியர் அறிக்கையில் எழுதினார்.

ஈ அறைக்காரர் ஓய்வு பெறும் நாளில் ஈ அறைக்குப் போனாள். "குறியை அழிச்சது உங்க விரல்தான்னு சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே."

"பென்சில்னு நான் சொன்னேனே."

"சொன்னீங்க. கேக்காதது என் தப்பு, அதை நானே சார்கிட்ட சொல்லிட்டேன். உங்க பங்கை நீங்க சொல்லுங்க."

அன்று அவர் குத்தாமல் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா? அவளுக்கே நிச்சயமில்லை.

சாவியை ஆணியில் மாட்டினார். "நாளைக்குச் சொல்றேம்மா" என்றார்.

மறுநாள் அவருக்கு அங்கே வேலை இல்லை. அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.