மண்டாவை விட்டுத் துவக்கு எடுத்தேன்

முப்பது வருடம் மண்டாவால் மீன் குத்தியவன் நான். மண்டா என்பது ஆள் உயரக் கம்பி. நுனியில், குத்திய மீன் கழன்று போகாமல் விரிகிற கொக்கி. அடியில் றப்பர் வளையம். வளையத்தைப் பெருவிரலில் மாட்டி, கம்பியைப் பின்னுக்கு இழுத்துப் பொத்திப் பிடிக்க வேண்டும். கையை விட்டால் பாயும். இடம்பெயர்ந்து ஊர் ஊராய்த் திரிந்த காலத்திலும், மயிலிட்டிக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் கம்பிதான் எனக்குச் சோறு போட்டது.

பிறகு வலது தோள் போய்விட்டது. மூட்டுச் சவ்வு கிழிந்திருக்கிறது, இனி இழுவை வேலை கூடாது என்றார் டொக்டர். இழுக்காமல் தேவாரம் பாடியா பிழைக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. அடுத்த கிழமையே கடலுக்குப் போனேன். கடலடிப் பாறைப் பாருக்கு அடியில் றப்பரை இழுத்தால் பாதிக்கு மேல் வரவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் நின்ற பாரைமீன்கூட என்னைக் கண்டு பயப்படவில்லை. அந்த அவமானத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வரும்.

அப்படித்தான் துவக்கு எடுத்தேன். வெடி வைக்கிற துப்பாக்கி இல்லை, மீன் குத்துகிற துவக்கு. மரக்கட்டையில் கம்பியைக் கிடத்தி, தடித்த றப்பரை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்து இழுத்து ஒருதரம் மாட்டிவிட்டால் போதும். விசையைத் தட்டும்வரை அப்படியே நிற்கும். தோளுக்கு வேலையே இல்லை. சட்டப்படி வைத்திருக்கக் கூடாத சாமான். தெரிந்துதான் வாங்கினேன்.

என்னோடு வள்ளத்தில் வருகிறவன் என் தங்கச்சியின் புருஷன். நான் கடலுக்குள் சுழியோடுவேன், அவன் மேலே இருந்து எஞ்சின் பார்ப்பான். விடியப்புறம் வலை இழுக்கிறவன். அந்த இரண்டு கையையும் நம்பித்தான் அவனுடைய வீட்டில் அடுப்பு எரிந்தது. துவக்கைக் கண்ட அன்றே முகத்தைச் சுழித்தான்.

"உது என்னத்துக்கு மச்சான்? தோள் ஏலாட்டில் விட்டிட்டு இரன். நான் பாக்கிறன்தானே."

"நீ உன்ரை வேலையைப் பார்," என்றேன். கெடுகுடி சொற்கேளாது என்பது சும்மாவா?

துவக்கில் ஒரு பூட்டு இருந்தது. அதைப் போட்டால் விசை அசையாது. உப்புத் தண்ணீரில் அது இறுகி, திறப்பதற்குள் நல்ல கலவாய் மீன் ஒன்று தப்பிப் போனது. அன்றிலிருந்து நான் பூட்டைத் தொடவே இல்லை.

எங்களுக்குள் ஒரு பழக்கம். மேலே வந்ததும் மண்டாவின் நுனியைத்தான் வள்ளத்துக்கு நீட்டுவேன். மீன் நுனியில் அல்லவா துடிக்கும்? அவன் மீனுக்குக் கீழே எட்டிப் பிடித்து இழுப்பான். வெறுங்கம்பி என்றாலும் அப்படித்தான். அதில் ஆபத்து இல்லை. மூச்சு முடிந்து மேலே வரும்போதே கை தளர்ந்து றப்பர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

அன்று துவக்கோடு ஒரு கலவாயைத் துரத்தினேன். அது பொந்துக்குள் பூந்துவிட்டது. மூச்சு முட்ட மேலே வந்தேன். என் கை தளர்ந்துதான் இருந்தது, துவக்கில் மாட்டிய றப்பர் தளரவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் நுனியை நீட்டினேன். "தா," என்று அவனும் பழக்கத்தில் எட்டிப் பிடித்து இழுத்தான். என் இடுப்புக் கயிறு விசையில் கொளுவிக்கொண்டது.

கம்பி அவனுடைய வலது உள்ளங்கைக்குள்ளால் போய் மணிக்கட்டுக்கு மேலே வெளியே வந்தது. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏறி, கம்பியைத் துவக்கோடு பிணைத்திருந்த நூலை வெட்டினேன். கொக்கி விரிந்து நின்றதால் கம்பியை உருவ முடியாது. அவனுடைய சாரத்தைக் கிழித்துக் கையில் சுற்றிவிட்டு எஞ்சினை முடுக்கினேன். வழியில் கேட்டான்.

"பூட்டுப் போட்டனியே மச்சான்?"

"ஓம்," என்றேன். யோசிக்காமல் வந்த பொய் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கரை தெரியத் தொடங்கியதும் எஞ்சினைக் குறைத்து, துவக்கைத் தூக்கிக் கடலில் எறிந்தேன். அவனுடைய இரத்தம் வள்ளத்தின் அடித் தண்ணீரில் கலந்து என் காலடிக்கு வந்துகொண்டிருந்தது. அப்போதும் நான் பொலிசைத்தான் நினைத்தேன். மனிசனா நான்?

ஆஸ்பத்திரியில் கம்பியை வெட்டி எடுத்தார்கள். மண்டாவுக்கு மேல் தவறி விழுந்துவிட்டேன் என்று அவனே சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். கை மிஞ்சியது. ஆனால் மூன்று விரல் மடங்காது என்றார்கள். இனி அந்தக் கையால் வலைக் கயிற்றைப் பிடிக்க முடியாது.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் பின்னேரம் பார்க்கப் போனேன். தங்கச்சி தேத்தண்ணி தந்தாள். அவன் இடது கையால் கோப்பையைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். பாதி சாரத்தில் சிந்தியது. தங்கச்சி துடைக்கப் போனாள், தடுத்துவிட்டான். பூட்டுப் போடவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவன் கதைக்கத் தொடங்கினான்.

"நான்தான் அவசரப்பட்டு இழுத்துப்போட்டன் மச்சான். பூட்டுப் போட்ட சாமான் சும்மா வெடிக்குமே? நான் இழுத்த இழுவையிலைதான் பூட்டு விட்டிருக்கு. இவளுக்கும் அதைத்தான் சொன்னனான். என்னாலை உன்ரை துவக்கும் போச்சு, தொழிலும் போச்சு. மனசிலை வைச்சிருக்காதை."

தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் தன் புருஷனைக் குறை சொல்லிவிடுவானோ என்ற பயம் அவளுடைய கண்ணில் இருந்தது.

"அதை விடு மச்சான்," என்றேன். "நான் ஒண்டும் நினைக்கேல்லை."

அவன் முகம் தெளிந்துவிட்டது.