ஒட்டிக்கொண்ட கையுறை

மட்டாஞ்சேரியில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனியில் என் வீட்டுக்காரர் சுமை இறக்கினார். அதே வாசலில் நொறுக்கிய ஐஸை நான் வாங்கி, கூடையில் மீன்மேல் போட்டு, அந்த மீனைத் தெருவில் விற்பேன்.

இடுப்புயர ஐஸ்கட்டியைக் கொக்கியால் ஒரு இழுப்பு இழுத்தால் ஈரத்தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும். குளிர் அறையிலிருந்து அப்போதுதான் வரும் கட்டி அப்படி அல்ல. ஈரமாக எது பட்டாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். சற்று நேரம் வெளியே கிடந்து வியர்த்த பிறகுதான் வழுக்கும்.

மழைக்கால மீன்பிடித் தடை முடிந்து, படகுகள் ஒன்றாகக் கடலுக்குக் கிளம்பிய காலை அது. வியர்க்க விட நேரமில்லை. கட்டிகளை அப்படியே தகரச் சரிவில் இறக்கினார்கள். ஒன்று நடுவில் ஒட்டி நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றியும் அசையவில்லை.

"அண்ணாச்சி, கைய வெச்சு ஒண்ணு தள்ளு!" என்று மேலே நின்ற ஆள் கத்தினான்.

இவர் நனைந்த துணிக் கையுறையோடு தள்ளினார். கட்டி அசைந்தது. கை வரவில்லை.

"மேலருந்து அடுத்தத விடாத! கையுறை ஒட்டிக்கிச்சு!"

ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் இவர் கத்தியது மேலே கேட்கவில்லை. அடுத்த கட்டி எங்கும் நில்லாமல் வழுக்கி வந்து அந்தக் கையில் மோதியது. நான் கூடையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தவையும் மடங்கவில்லை. கம்பெனி மேற்பார்வையாளர் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "எல்லாம் சரியாகும். வேற பணி நோக்கலாம்," என்றார். பிறகு வரவில்லை.

களமசேரியில் காவலாளி வேலை, வைப்பினில் வலை உலர்த்தும் வேலை என்று இவர் அலைந்தார். எல்லோரும் முதலில் கையைத்தான் பார்த்தார்கள். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார்.

"சாயா ஆறுது. எந்திரிங்க."

"எந்திரிச்சு எங்க போகச் சொல்ற?"

நான் இன்னமும் அந்தக் கம்பெனியில்தான் ஐஸ் வாங்குகிறேன். பக்கத்தில் வேறு எங்கும் கிடைக்காது. மேலே நின்ற அந்த ஆள் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறான்.

ஒரு மத்தியானம் விற்றுவிட்டு வந்து, ஐஸில் குளிர்ந்த கையோடு இவர் தோளைத் தொட்டேன். உடம்பைச் சுருட்டிக்கொண்டார்.

"தணுப்பா இருக்கு. தொடாத."

அடுத்த நாள் சுடுதண்ணீரில் வெகுநேரம் என் கையை வைத்திருந்துவிட்டுத் தொட்டேன். அப்போதும் அவர் திரும்பவில்லை.