வடக்குப்பட்டுக்குப் போன சிம்பன்சிகள்

1991 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குப் பாரிமுனையில் காஞ்சிபுரம் பேருந்தில் ஏறினேன். கையில் ஸ்லைடு புரொஜெக்டர் ஒன்று, மரப்பெட்டியோடு. தோள்பையில் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் சிம்பன்சிகள், கொரில்லாக்கள், ஒராங்குட்டான்கள். எல்லாம் தீப்பெட்டி அளவுச் சட்டங்களில்.

கண்டக்டர் பெட்டியை உற்றுப் பார்த்தார். "உள்ள இன்னாம்மா?"

"படம் காட்டற மிஷின்."

"இன்னா படம்?"

"குரங்குப் படம்."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, குரங்குக்கு டிக்கெட் வாணாம். ஆனா சீட்ல வெக்காத, மடியில வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். லக்கேஜுக்குக் காசு வாங்காத அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

நான் பெரம்பூரில் அறிவியல் ஆசிரியை. ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுப் பேசுவோம். கிரகணம், குடிநீர், பாம்பு என்று சுற்றிவந்த எங்களுக்கு அந்த வருடம் வாலில்லாக் குரங்குகள்மீது ஆசை வந்திருந்தது. பத்திரிகைகளின் அறிவியல் பக்கங்களில் அவை அடிக்கடி தலைகாட்டின. ஆப்பிரிக்கக் காட்டில் சிம்பன்சி புல்தண்டைக் கிள்ளிப் புற்றுக்குள் விட்டுக் கரையான் பிடிக்கிறது. அமெரிக்காவில் சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் காது கேளாதவர்களின் கைமொழியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது உண்மையிலேயே பேச்சா, வாழைப்பழத்துக்காகச் செய்யும் பாவனையா என்று விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். இந்தச் சண்டையை ஒரு ஊர் எப்படிக் கேட்கும் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருந்தது.

பூந்தமல்லி தாண்டியதும் காற்று குளிர்ந்தது. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் கடந்து ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியபோது மணி எட்டே முக்கால். ஒரு ரூபாய்க்குப் பெரிய கிளாஸ் நிறைய டீ கொடுத்தார்கள். அடுத்து சிங்கப்பெருமாள்கோவில் போகும் பேருந்து. சாலை முழுக்க வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள், வண்டிச் சக்கரம் ஏறி நெல் உதிரட்டும் என்று. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். இரண்டு பக்கமும் ஏரிகள், அறுத்த வயல்கள், நடுநடுவே கருவேலங்காடு. உள்ளே எதுவும் இல்லாத புதுச் சுற்றுச்சுவர் ஒன்றைக் காட்டி, "கம்பெனி வரப் போவுதாம்" என்றார் பக்கத்தில் இருந்த பெண். என்ன கம்பெனி என்று அவருக்கும் தெரியவில்லை.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஜெயராமன் சார் சைக்கிளோடு காத்திருந்தார். வடக்குப்பட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர். எங்களை அழைத்தவர் அவர்தான். புரொஜெக்டரைக் கேரியரில் வைத்து, பழைய சைக்கிள் ட்யூபால் ஒரு குழந்தையைக் கட்டுவதுபோலப் பதமாகக் கட்டினார். இருவரும் ஊர்வரைக்கும் நடந்தோம். வீட்டில் அவர் மனைவி கமலா முருங்கைக்கீரை வதக்கி, சுடுசோறு போட்டு, நான் போதும் என்றதைக் காதில் வாங்காமல் பரிமாறினார்.

படம் பகல் மூன்று மணிக்கு. ஊரில் பாதிப் பேர் இந்துக்கள், பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். காலையில் ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு மாதா கோயிலை ஒட்டிய கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஜன்னல்களைக் கோணிப்பையால் அடைத்து, சுண்ணாம்புச் சுவரையே திரையாக்கினோம். நூறு பேருக்குக் குறையாது. களத்து வேலையை விட்டுவிட்டு, தலையில் வைக்கோல் தூசியோடு வந்தவர்களும் இருந்தார்கள். ஒரு குரங்கைப் பார்க்க இத்தனை பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கரையான் பிடிக்கும் சிம்பன்சிக்கு நல்ல வரவேற்பு. மழையில் இலையைப் பறித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்ட ஒராங்குட்டானைப் பார்த்து ஒருவர், "நம்ம ஊர்ல கூட வாழையெலைதான்" என்றார். முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, "நாம கொரங்குலேர்ந்து வந்தோம்னு சொல்றாங்களே, மெய்தானா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அதுவும் நாமும் ஒரே முன்னோருக்குப் பிறந்த இரண்டு கிளை. அது ஒரு பக்கம் போச்சு, நாம ஒரு பக்கம் வந்தோம்."

"அப்ப பங்காளின்னு சொல்லுங்க."

"பங்காளிதான்."

"பரவால்ல. சொத்துல பங்கு கேக்காத பங்காளி" என்று சொல்லி உட்கார்ந்தார். கூடம் சிரித்து அடங்கியது.

அடுத்த ஸ்லைடில் ஒரு சிம்பன்சி தன் பயிற்சியாளரின் எதிரே உட்கார்ந்து விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோகிறது. "இதுக்குப் பேசற குரல் அமைப்பு கிடையாது. அதனால கையால பேசக் கத்துக் கொடுத்திருக்காங்க" என்றேன்.

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது: "நம்ம ஸ்டெல்லா மாதிரி."

சிலர் சிரித்தார்கள். யார் ஸ்டெல்லா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இருட்டில் ஒரு பெண் எழுந்து நிற்பது தெரிந்தது. "யாருடா அது? மூஞ்சியைக் காட்டிச் சொல்லு" என்றாள். என்ன சொல்லி இதைச் சரிசெய்வது என்று நான் தவித்த அந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது.

கோணிகளை விலக்கினார்கள். வெளிச்சம் உள்ளே வந்தது. நின்றுகொண்டிருந்தவள் பெயர் ஆரோக்கியமேரி, முப்பது வயதிருக்கும். அருகில் உட்கார்ந்திருந்தவள் அவள் தங்கை ஸ்டெல்லா. பிறவியிலேயே காது கேட்காது, அக்காவும் அவளும் தாங்களே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சுதான் என்று கமலா என் காதில் சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை. ஸ்டெல்லா அக்காவின் முந்தானையை இழுத்தாள். அவள் கைகள் பேசத் தொடங்கின. விரல்கள் மட்டுமல்ல, புருவம், தோள், உதடு எல்லாம் சேர்ந்து. ஆரோக்கியம் கவனித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், அவ ஒண்ணு கேக்கறா. அந்தக் கொரங்கு அது குட்டிகிட்டயும் கையாலதான் பேசுமா? அம்மா கையைப் பாத்துப் பாத்துக் குட்டியும் கத்துக்குமா?"

விஞ்ஞானிகளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கற்றுக்கொள்கிறது என்று சிலர் எழுதியிருப்பதையும், மற்றவர்கள் அதை ஒப்புக்கொள்ளாததையும் சொன்னேன். ஆரோக்கியம் அதைக் கையால் தங்கைக்குச் சொன்னாள். ஸ்டெல்லா விடவில்லை. மறுபடி கேட்டாள். இந்த முறை ஆரோக்கியம் கொஞ்சம் தயங்கினாள்.

"கையால கத்துக்கினா, அந்தக் குட்டி அதோட சொந்தக் கொரல்ல கத்தாம போயிடுமான்னு கேக்கறா."

எல்லோரும் ஒரு மூலையைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பெண்மணி ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவேரியம்மா, ஸ்டெல்லாவின் மாமியார். அவள் அப்பாவின் கூடப்பிறந்த அத்தையும்கூட. மகன் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறவன், அன்றைக்கும் ட்யூட்டி. குழந்தை அந்தோணி ஸ்டெல்லாவின் மகன். அவனுக்குக் காது கேட்கும். தாயின் கையைப் பார்த்துப் பழகினால் பேரனும் ஊமையாகிவிடுவான் என்று பயந்து, பால் கொடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் சவேரியம்மாவே அவனை வைத்துக்கொள்கிறாராம். இதையெல்லாம் கமலா இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

ஸ்டெல்லா குட்டிக் குரங்கைப் பற்றிக் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"முதல்ல ஒண்ணு சொல்லணும்" என்றேன். ஆரோக்கியத்தைப் பார்த்தபடி, அவள் மொழிபெயர்க்க இடம்விட்டு, மெதுவாகப் பேசினேன். "அந்தக் குரங்குக்குப் பல வருஷம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தாங்க. அது வார்த்தைகளை ஒண்ணு ரெண்டாத்தான் காட்டுது. பழம் வேணும், கிச்சுகிச்சு மூட்டு, அவ்வளவுதான். இதுவே பேச்சான்னு இன்னும் சண்டை ஓயலை. ஸ்டெல்லாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. அக்காவும் தங்கையுமா உண்டாக்கிக்கிட்டாங்க. இப்ப அவ கேட்டதைப் பாருங்க. நடக்காத ஒண்ணை, நாளைக்கு நடக்குமோங்கற ஒண்ணைக் கேட்டா. எந்தக் குரங்கும் இதைக் கேட்டதா நான் படிச்சதில்லை. இதைப் போய் அதோட சேர்க்கக் கூடாது."

பின்வரிசையில் யாரோ தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு குழந்தையைப் பற்றிச் சொன்னேன். காது கேட்கும் பிள்ளைகள் காது கேளாத பெற்றோரிடம் கைமொழியும் மற்றவர்களிடம் வாய்மொழியும் கற்கிறார்கள். ஒன்று இன்னொன்றைத் தடுப்பதில்லை என்று படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

சவேரியம்மா முதல் முறையாக வாய் திறந்தார். "எழுதனவங்க எங்கியோ கீறாங்க. இங்க யாரு பாத்தது? நாளைக்கு இவன் வாய் தொறக்கலன்னா நீயா வந்து பேசக் கத்துக் குடுப்ப?"

நியாயமான கேள்வி. நான் டாக்டர் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

பதில் கமலாவிடமிருந்து வந்தது. "ஏன், நம்ம ஆரோக்கியம் இல்லியா? நடக்கற வயசுலேர்ந்து தங்கச்சிகூட கையாலதான பேசிகினு கீது. அது வாய் மூடி யாராச்சும் பாத்திருக்கீங்களா?"

கூடமே வெடித்துச் சிரித்தது. "குழாயடில அது நின்னா தண்ணியே நின்னுடும்" என்றார் பங்காளிப் பெரியவர். ஆரோக்கியம் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதையும் தங்கைக்குச் சொன்னாள். ஸ்டெல்லாவும் சிரித்தாள். சவேரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மின்சாரம் வந்ததும் மீதிப் படங்களையும் காட்டினேன். ஆனால் என் மனம் அதில் இல்லை. வீட்டுப் பிரச்சினை ஒன்றை ஊர்க் கூடத்தில் போட்டு உடைத்துவிட்டு நாளைக்குப் பேருந்தேறிப் போய்விடுவேன்; ஸ்டெல்லா அதே வீட்டில்தானே இருக்க வேண்டும்? இரவுச் சாப்பாட்டின்போது கமலாவிடம் இதைச் சொன்னேன். "அத்தை கெட்டது இல்ல டீச்சர். பயம். நாளைக்குக் காலைல போற வழியில எட்டிப் பாத்துட்டுப் போலாம்" என்றார்.

நாங்கள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை காலை, பனி விலகாத ஆறரை மணிக்கு, ஜெயராமன் சார் புரொஜெக்டரைக் கட்டிக்கொண்டிருந்தபோது சவேரியம்மாவே வந்தார். பின்னால் ஆரோக்கியம். அவளுக்கும் பின்னால் ஸ்டெல்லா, இடுப்பில் அந்தோணியோடு.

"டீச்சரம்மா, நேத்து ராத்திரி இவன் தூங்காம அழுதுகினே இருந்தான்" என்றார் சவேரியம்மா. "அழுதுகினே கையை இப்டி இப்டி காட்றான்." முகவாயை ஒரு விரலால் தொட்டு, உள்ளங்கையை மேலே விரித்துக் காட்டினார். "பசின்னு நெனச்சிப் பால் குடுத்தேன். துப்பறான். வயித்து வலின்னு நெனச்சி ஓமத்தண்ணி குடுத்தேன். அதுக்கும் அழறான். கடைசில ஆரோக்கியத்தைப் போய்க் கூட்டியாந்தேன்."

மீதியை ஆரோக்கியம் சொன்னாள். "ஸ்டெல்லாக்கு முகவாய்ல மச்சம் இருக்குது பாருங்க. சின்ன வயசுலேர்ந்து அதைத் தொட்டுக் காட்டினா ஸ்டெல்லான்னு அர்த்தம். கையை விரிச்சா 'எங்க'ன்னு அர்த்தம். 'அம்மா எங்க'ன்னு கேட்டிருக்கான் டீச்சர்."

"எம்மாம் நேரம் கேட்டிருக்கான்" என்றார் சவேரியம்மா. "எனக்குக் காது நல்லா கேக்குது. இன்னாத்துக்கு? அவன் கேட்டது எனக்கு வெளங்கல." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "எடுத்துகினு போய் அவ பக்கத்துல போட்டேன். ஒடனே தூங்கிட்டான். இனிமே அங்கியே படுக்கட்டும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையில் ஒரு பொட்டலம் திணித்தார். வறுத்த வேர்க்கடலை, இன்னும் சூடாக இருந்தது.

எல்லோருமாகக் கூட்டுரோடு வரைக்கும் வந்தார்கள். வழியெல்லாம் ஆரோக்கியம்தான் பேசினாள். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கையால் ஏதோ சொன்னாள். வழக்கம்போல ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பினேன். அவள் வாயைத் திறப்பதற்குள் சவேரியம்மா முந்திக்கொண்டார்.

"மறுபடி வான்றா." பிறகு சந்தேகத்தோடு ஆரோக்கியத்தைப் பார்த்தார். "சரியாத்தான சொன்னேன்?"

"சரிதான் அத்தை" என்றாள் ஆரோக்கியம். என் நினைவில், அந்த இரண்டு நாளில் அவள் பேசியதிலேயே மிகச் சிறிய வாக்கியம் அதுதான்.

பேருந்து வைக்கோலின் மேல் மெத்தென்று உருண்டது. கடலையைக் கொரித்தபடி பெரம்பூர் வீட்டை நினைத்துக்கொண்டேன். நாங்கள் நான்கு பேர், நல்ல காதும் நல்ல குரலும் உள்ளவர்கள். சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ மட்டும்தான் பேசும். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அதை அணைத்துவிட்டு, வடக்குப்பட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சோறு ஆறிப்போகும்வரை கேட்டார்கள்.