ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கிவிட வேண்டும்

பஸ் வாய்க்காலில் கவிழ்ந்ததற்குப் பிறகு நான் பஸ் ஏறவே இல்லை. எனக்கு ஒரு பல்கூட ஆடவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் முறுக்கைப் பாதி ஒடித்துக் கொடுத்த முன்பின் தெரியாத அக்கா செத்துப்போனாள். அதிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டாலே சந்துக்குள் ஒதுங்கிவிடுவேன். இந்த லட்சணத்தில் அதே ரோட்டில் இருக்கிற முக்கூடலில் டீச்சர் வேலை கிடைத்துத் தொலைத்தது. ஜூனில் சேர வேண்டும். பஸ் ஏறாவிட்டால் வேலை போச்சு.

சென்னையிலிருந்த தம்பிதான் மனநல ஆலோசகர் அம்மா ஒருவரைப் பிடித்துக் கொடுத்தான். நம்ம ஊர் வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே அவரோடு பேசலாம் என்றான். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தேடித் தேடித் தட்டி, 'பயமாருக்கு' என்று அனுப்புவதற்குள் லைன் கட்டாகிவிடும். வருகிற எரிச்சலில் பயமே மறந்துபோகும். கடைக்கார அண்ணாச்சி வேறு பின்னால் நின்று வாசிப்பார்.

"என்ன அண்ணாச்சி, சினிமாவா ஓடுது?" என்று சீறுவேன்.

"இல்லம்மா, அந்தம்மா நல்லா சொல்லுதாவ, அதான் பாத்தேன்" என்பார்.

நல்லாத்தான் சொன்னார்கள். முதலில் ஸ்டாண்டுக்குப் போய் பஸ்ஸைப் பார்த்துவிட்டு வாங்க. பிறகு நிற்கிற பஸ்ஸைத் தொட்டுவிட்டு வாங்க. தொட்டபோது கண்டக்டர் பார்த்த பார்வை இருக்கே! அடுத்த வீட்டுப்பாடம், காலி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு எங்கள் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தெரியாது. தெரிந்த எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை. முக்கூடல் பஸ்ஸில் உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். ஜன்னல் வழியே மடியில் ஒரு துண்டு விழுந்தது. "எக்கா, ஒரு எடம் போடுங்க!" பின்னாலேயே ஒரு மஞ்சப்பை. அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்பிள்ளை!

"செத்த வச்சுக்கிடுங்கக்கா, நான் ஏறி வந்துருதேன்" என்று தாய்க்காரி கூட்டத்துக்குள் மறைந்தாள்.

அடுத்தவள் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே இறங்க? அதற்குள் ஒரு ஆள், நான் பக்கத்து சீட்டில் போட்டுவைத்த துண்டைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தார். "ஏவே, கண்ணு தெரியலையா? எடம் போட்டிருக்கு!" என்று சண்டைக்குப் போனேன். அந்தச் சண்டையில் விசில் அடித்தது காதில் விழவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

"ஐயோ, நான் இறங்கணும்! பிள்ளைய வாங்குங்க!" என்று கத்தினேன். பின்வாசல் நெரிசலிலிருந்து ஒரு கை மட்டும் ஆடியது. "நகர முடியலக்கா! பிள்ளைய விட்டுராதீங்க!"

விடுவேனா? என் நெஞ்சு அடித்த அடியில் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. அந்த வாய்க்கால் வருகிற இடம் எனக்குத் தெரியும். பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடவில்லை.

தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அந்த அக்காவை நினைத்து ஓவென்று அழுதேன். இத்தனை நாளும் என் பயத்தோடேயே மல்லுக்கட்டியதில், அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

முக்கூடலில் தாய்க்காரி முண்டியடித்து வந்து பிள்ளையை வாங்கினாள். என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். "அடிச்சிட்டாளாக்கா?"

"சேச்சே, தங்கமா இருந்தா" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டேன், "இங்கன பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்?"