முட்டை ஒத்துக்கொள்ளாதவர்

மாமாவுக்கு ஆப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் வேலை உறுதியாகிவிட்டது என்று ஏஜெண்ட் போன் செய்த மாலையில், என் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான். அக்காவின் கணவரான மாமா, நெய்வேலிச் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட்டில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கம்மாபுரம் பக்கம் இருந்த அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. பயிர் வைக்க மண்ணும் இல்லை, வேலை பர்மனென்டும் ஆகவில்லை. அடுத்த வருஷம் ஆகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

போவதற்கு ஒரு தடைதான் இருந்தது. கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட அட்டை இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த ஊசி மருந்தில் என்னதான் இருக்கிறது என்று நான் செல்போனில் தேடி இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். அது கெடாமல் இருக்க ஜெலட்டின், சர்க்கரையைப் போன்ற ஏதோ ஒன்று. வைரஸைக் கோழிமுட்டைக்குள் இருக்கும் கருவில் வளர்க்கிறார்கள், அதனால் மருந்தில் முட்டைப் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும் என்ற வரிக்கு வந்ததும் மாமாவை நிமிர்ந்து பார்த்தேன்.

மாமாவுக்கு முட்டை ஆகாது. பண்ருட்டியில் ஒரு கல்யாணத்தில் தெரியாமல் ஒரு துண்டு கேக் தின்று, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துத்தான் அவரை மீட்டார்கள். இதை ஏஜெண்டிடம் சொன்னோம். "கேட்டா இல்லன்னு சொல்லிடுங்க, அவ்ளோதான்" என்றார் அவர்.

சென்னையில் ஊசி போடும் இடத்துக்கு மூவரும் போனோம். நர்ஸ் கேட்டார்: "முட்டை சாப்பிட்டா ஏதாச்சும் ஆகுமா?"

"இல்லைங்க" என்றார் மாமா. சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். நர்ஸ் பஞ்சால் துடைத்தார். அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள்.

"மேடம், அவருக்கு முட்டை ஒத்துக்காதுங்க. ஒரு தடவ சாவ இருந்தாரு."

உள்ளே இருந்து டாக்டர் வந்தார். இந்த நிலையில் போட முடியாது என்றார். காரணத்தைக் கடிதமாக எழுதித் தருகிறேன் என்று பொறுமையாகவே சொன்னார். ஏஜெண்டுக்குப் போன் செய்தோம்; கடிதம் செல்லாது, அட்டைதான் வேண்டும் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ் விழுப்புரம் தாண்டியதும் மாமா அக்காவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரே ஒரு கதவு தொறந்துச்சு. நீயே சாத்திட்ட."

"சாத்துனேன்" என்றாள் அக்கா. "உசுரோட ஒக்காந்துகினு இருக்கீங்க இல்ல?"

மாமா இன்றும் அதே பெல்ட்டில்தான், அதே காண்ட்ராக்டில்தான் இருக்கிறார். அந்த ஊசியைப் பற்றி அவர்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச்சில் ஆப்பிரிக்கா என்று வந்தாலே யாராவது எழுந்து போய்விடுவார்கள். சென்ற மாதம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே அக்கா சொன்னாள்.

"அவரு இல்லன்னு சொன்னப்ப நான் ஒடனே பேசலடி. போட்டுக்கட்டும், எப்பிடியாச்சும் அந்த வேலைக்குப் போய்ச் சேந்துடட்டும்னுதான் நின்னுகினு இருந்தேன். அந்தப் பஞ்சு அவரு கையில பட்ட பெறவுதான் வாய் வந்துச்சு."

மடித்த சட்டையை அவள் மறுபடி பிரித்தாள். இதை மாமாவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.