ஐஸ் பெட்டிக்குள் லோஷினி

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து உலு திராம் வெயிலில் ஜெண்டியன் வளர்ப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. அது பனிமலையில் நீலமாகப் பூக்கிற செடி. இங்கேயோ துணி காயப்போட்டால் அரை மணியில் முறுகிவிடும். இதைச் சாந்தினியிடம் சொல்லிப் பாருங்கள், காதில் ஏறாது. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே மகள் லோஷினி, சுவிட்சர்லாந்துக்குப் படிக்கப் போனவள், அங்கிருந்து அந்தச் செடியின் விதைகளை அனுப்பினாள். "நம்ம வீட்டுல முளைக்குதான்னு பாருங்கம்மா, சும்மா ட்ரை பண்ணுங்க லா" என்று போனில் சிரித்தாள். விதை வந்து சேர்ந்த வாரமே, மலையேறப் போனவளைப் பனிச்சரிவு மூடிவிட்டது. தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்று சாந்தினி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். படத்துக்கு மாலைகூடப் போடவில்லை. சாயங்காலமானால் வாசலில் யாரோ செருப்பு கழற்றும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது. பயந்தாளா என்றால் இல்லை. சத்தம் கேட்காத நாளில்தான் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த விதை வெறும் பொடி, தும்மினால் பறந்துவிடும். பாதியைக் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் தொட்டியில் தூவி, வழக்கம்போல் மண்ணைப் போட்டு மூடினாள். ஒன்றும் வரவில்லை. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டாள்: மூடக் கூடாது, வெளிச்சம் வேண்டும், அதற்கு முன்னால் அது ஒரு குளிர்காலத்தைக் கடந்தாக வேண்டும். ஜொகூரில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? மீதி விதையை ஈர மணல்மேல் தூவி, டப்பாவில் அடைத்து, ஐஸ் பெட்டியில் மாவுச் சட்டிக்குப் பின்னால் வைத்தாள். மூடியில் லோஷினி என்று எழுதித் தேதியும் போட்டாள். மகள் கைபட்டதில் மிச்சம் அவ்வளவுதான். இதுவும் போனால் ஒன்றுமில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் திறந்து பார்ப்பாள். ஒரு நாள் காலையில் மணலில் ஊசிமுனை அளவு பச்சை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தாள். பச்சைதான். அன்று பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கென்று பார்த்து வீட்டில் ராசம்மா இருந்தார். கணவரின் அக்கா, பக்கத்து ஊரான கோத்தா திங்கிக்காரர், முந்தின நாள்தான் வந்திருந்தார். நல்ல மனுஷி. நல்ல மனுஷிகள் ஒன்றை நினைத்துவிட்டால் யாராலும் தடுக்க முடியாது. தோசைக்கு மாவெடுக்கப் போனவர் கண்ணில் டப்பா பட்டது. மேலே பெயர், தேதி. உள்ளே சாம்பல் நிறத்தில் ஈரப் பொடி.

சாந்தினி வீடு திரும்பியபோது ராசம்மா ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"அங்க தேடி எடுத்து அனுப்பிட்டாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே சாந்தினி. அஸ்திய வீட்டுல வைக்கலாமா? அதான் பிள்ள போக முடியாம வாசல்ல நிக்கிறா. நேத்து நானும் அந்தச் செருப்புச் சத்தத்தக் கேட்டேன். எங்க ஊருக்கே கொண்டு போயி, பாலு ஊத்தி, சூடம் கொளுத்தி, ஆத்துல கரைச்சிட்டேன்."

சாந்தினிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அது அஸ்தி இல்லை, விதை என்று கத்த வாயைத் திறந்தாள்.

ராசம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐஸ் பெட்டியிலேர்ந்து எடுக்கையில என் கை வெறைச்சுப் போச்சு. இத்தன நாளு பிள்ள குளிர்லயே கெடந்திருக்கா. பேரச் சொல்லிக் கூப்பிட்டு, நல்லபடியா போம்மான்னு விட்டேன்." முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதார்.

அந்த வீட்டில் லோஷினிக்காக இப்படி அழ யாரையும் சாந்தினி விட்டதில்லை. கத்த வந்தவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஆத்துத் தண்ணி எப்படி இருந்துச்சு?"

"நல்ல வெயில்ல. வெதுவெதுன்னு இருந்துச்சு."

சாந்தினி அவர் மடியில் விழுந்து, செத்துப்போன மகளுக்காக முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.