பாறை மேல் இறங்கிய சென்னை

நேற்றுக் காலை கடையில் ஒரு பெரியவரை ஸ்டூலில் உட்கார வைத்து, "கண்ணச் சிமிட்டாதீங்க, கொஞ்சம் நிமுந்து உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி ஒருமுறை சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். 'உங்கள் ரசிகர்கள் உங்களுடைய புதிய படத்துக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று ஒரு செய்தி. எந்த ரசிகர்கள் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. என் முதல் ரசிகனான தங்கராசு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து சூடான போண்டாவை ஊதிக்கொண்டிருந்தான். போண்டா ஆறுவதைத் தவிர வேறெதற்கும் காத்திருக்கிற முகமாகத் தெரியவில்லை.

இப்போது மலைமேல் செம்மேட்டில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்து, அட்டைகளுக்கு லேமினேஷன் போட்டுக் கொடுப்பவன் நான். ஒரு காலத்தில் கலைஞனாக இருந்தேன். சிரிக்காமல் கேளுங்கள். லேமினேஷன் மெஷின் சூடாகும்போது ஒரு பிளாஸ்டிக் வாசனை வரும். பின்னறையில் காயப்போட்டிருக்கிற மிளகு நெடியையும் தாண்டி அது மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்குச் சென்னைப் புரசைவாக்கம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தேன். ஃபிரேமைச் சூடு காட்டி வளைக்கும்போது கடை முழுக்க இதே வாசனைதான் அடிக்கும்.

அந்தக் கடைக்குக் கண்ணாடி போட வந்த ஒரு கல்யாண போட்டோகிராபர் தன் பழைய கேமராவை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது. எந்தப் படம் எடுத்தாலும் இடது மூலையில் ஒரு மங்கல் விழும். யாராவது கேட்டால், அது என் பாணி என்று சொல்லிவிடுவேன். காலையில் கடை திறக்கும் முன்பும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தெருத்தெருவாகச் சுற்றினேன். மொட்டை மாடிக் கொடியில் பறக்கும் புடவை, மழைத்தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் ஆட்டோ, பூக்கட்டுகிற கைகள், நான் குடியிருந்த சந்து என்று எடுத்து இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்துப் போட்டேன். பக்கத்தின் பெயர் 'நகரத்தின் நாடித்துடிப்பு'. இன்று அதை வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ரசிகர்களில் பெரும்பாதி எங்கள் மலைக்காரர்கள். அவர்கள் பார்த்த விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போது எங்கள் ஊருக்குள் சிக்னல் கிடையாது. ஊர்ப்பாதை தார் ரோட்டில் வந்து சேருகிற இடத்தில், அரியூர் நாட்டு வயல்களைப் பார்த்தபடி ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறி, முகத்தைச் சேந்தமங்கலம் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றால் இரண்டு கோடு வரும். டவரே இல்லாத அந்த இடத்துக்கு டவர் பாறை என்று பெயர். ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த தங்கராசுவிடம்தான் ஊரிலேயே பெரிய திரை வைத்த போன் இருந்தது. சந்தை முடிந்து வருகிற சாயங்காலம் அவன் பாறை மேல் ஏறி என் பக்கத்தைத் திறப்பான். ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் அவனைச் சுற்றி நிற்கும்.

படம் ஒரேயடியாக வந்துவிடாது. மேலிருந்து கீழாக, வரிவரியாக இறங்கும்.

"வானம் வந்துருச்சு."

"மொட்டமாடி தெரியுது பாருங்க."

"பேசாம இருங்க, பேசுனா நின்னு போயிரும்."

பேசினால் சிக்னல் அறுந்துவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் கோயிலில் திரை விலகக் காத்திருப்பதைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். ஒரு படம் முழுசாக இறங்குவதற்குள் அதில் இருக்கிற ஒவ்வொரு செங்கல்லும் அவர்களுக்குப் பழக்கமாகிவிடும். அப்புறம் தங்கராசு எல்லோருடைய விமர்சனத்தையும் குரல்பதிவாக எனக்கு அனுப்புவான். ஒளி, நிழல் என்று யாராவது பேசுவார்கள் என்று ஆசையாகக் கேட்பேன். என் தாய்மாமன் குரல் கேட்கும்: "மாப்ள, அந்தத் தள்ளுவண்டியில இருக்கற வாழத்தாரு நம்ம மலப்பழமாட்டந் தெரியுது. ஆரு கொண்டாந்து போட்டதுன்னு கேட்டு வையி."

எனக்கு அந்த விமர்சனமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பதிவின் கடைசியில் தங்கராசு குரலைத் தாழ்த்தி, "சத்யாவும் வந்திருந்துச்சுடா" என்று சொல்வானே, அதற்காகத்தான் முழுப்பதிவையும் கேட்பேன். சத்யா அந்த மாமனுடைய மகள். முறைப்பெண். கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று நான் முடிவு பண்ணி வெகுநாளாகியிருந்தது. அதை அவளிடம் சொல்கிற தைரியம் மட்டும் வரவில்லை, அவ்வளவுதான்.

மாமன் சரியென்பார் என்று தெரியும். சிக்கல் அத்தையிடம்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். முதலில் அவன் காட்டைச் சுற்றி வருவார்கள். வேலி விழுந்து கிடக்கிறதா, மிளகுக்கொடி மரத்தில் ஒட்டி ஏறியிருக்கிறதா, மரவள்ளிக்கு நடுவில் களை மண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடிப்பதற்குள் மனதில் முடிவு செய்திருப்பார்கள். எனக்கோ சுற்றிக்காட்டக் காடு இல்லை. இருந்த கொஞ்சத்தையும் அண்ணன்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தான். அதனால் அத்தை என் படங்களையே என் காடாக எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒருநாள் மாமன் ஜாடைமாடையாகக் கல்யாணப் பேச்சை எடுத்திருக்கிறார். அத்தையின் தீர்ப்பு பாறை மேலிருந்தே எனக்கு வந்து சேர்ந்தது. "அவன் அந்த ஊரப் பாக்கற பார்வையே சரியில்ல. கட்டுன பொண்டாட்டியப் பாக்கறாப்பல பாக்கறான். இவனாவது மல ஏறி வாரதாவது. என்ற புள்ளயக் கொண்டுபோயி அங்கயே வெச்சுக்குவான். நாங் குடுக்க மாட்டேன்."

என் படங்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அதுவரை கிடைத்ததில்லை. ஆனால் அதுவே எனக்கு எதிராகத் திரும்பியது. படம் எவ்வளவுக்கு எவ்வளவு அழகாக வந்ததோ, அவ்வளவுக்கு அவ்வளவு சத்யா என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் வந்த யோசனைகளிலேயே அதுதான் மட்டமானது என்று அப்போது தெரியவில்லை. சென்னை மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை என்று அத்தைக்குக் காட்டிவிட வேண்டும். மறுநாளிலிருந்து புடவையையும் பூவையும் விட்டுவிட்டுச் சாக்கடையைத் தேடிப் போனேன். பொங்கி வழிகிற குப்பைத்தொட்டி, அதன் மேல் ஏறி நிற்கிற மாடு, குடம் குடமாக நீள்கிற தண்ணீர் வரிசை, புகைக்குள் மாட்டிக்கொண்ட பஸ். நல்ல வெளிச்சம் இருந்தால் அது போகும்வரை காத்திருந்து எடுப்பேன்.

நடந்ததைக் கேளுங்கள். நகரத்து ரசிகர்கள் கொண்டாடிவிட்டார்கள். 'சாட்டையடி' என்று ஒருவர் எழுதினார். 'நெஞ்சைச் சுடும் உண்மை' என்றார் இன்னொருவர். முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். எந்த சமூக நோக்கத்துக்காக இப்படி உழைக்கிறீர்கள் என்று ஒரு பெண்மணி கேட்டிருந்தார். சமூகத்துக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை, நான் சத்யா என்கிற பெண்ணுக்காக உழைக்கிறேன் என்று எப்படிப் பதில் எழுதுவது? 'மக்களுக்காக' என்று எழுதிவைத்தேன்.

பாறையிலிருந்து மட்டும் ஒரு செய்தியும் இல்லை. பொறுக்க முடியாமல் லீவு போட்டுவிட்டு மலையேறினேன். அத்தை வாசலில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"ஏஞ்சாமி, காட்ட இப்படித்தான் வெச்சிருப்பியா?"

"எந்தக் காடுங்க அத்தை?"

"அதான் ஊருக்கெல்லாம் படம் புடிச்சுக் காட்டறியே. குப்ப அம்பாரமாக் கெடக்குது, மாடு மேயுது."

"அது தெருக்குப்பைங்க அத்தை. என்றது இல்லீங்க."

"ஆரு குப்பையா இருந்தா என்ன? ஒன்ற கண்ணு முன்னாடிதான கெடக்குது? நின்னு படம் புடிக்க நேரமிருக்குது, அள்ளிப் போட நேரமில்லியா? இவ்வளவு சோம்பேறிக்கு என்ற புள்ளயக் குடுத்தா அவதான அத்தனையும் அள்ளோணும்?"

  உள்ளே சத்யா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்ட சத்தம் கேட்டது.

நான் சென்னைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் தங்கராசு பாறையில் நின்று போனில் கூப்பிட்டான். மூச்சிரைத்தது. "டேய், சத்யா அவங்கம்மாகிட்டச் சண்ட போட்டிருச்சு. கட்டுனா உன்னத்தான் கட்டுமாம். இல்லீன்னா கல்யாணமே வேண்டாமாம்." நான் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை பேசாமலே ஒரு பெண்ணின் மனதைப் பிடித்துவிட்டோம் என்ற கர்வம் எனக்குத் தலைக்கு ஏறியது. அன்றைக்கு எந்த பில்லும் ஒழுங்காகப் போடவில்லை. வேலையை விட்டேன், பெட்டியைக் கட்டினேன், மலைக்கு வந்துவிட்டேன்.

அத்தை அப்போதும் லேசில் இறங்கவில்லை. அண்ணனுடைய மரவள்ளிக் காட்டை நானே களையெடுத்துக் காட்ட வேண்டும் என்றாள். பில் போட்ட கை கொப்புளித்துத் தோல் உரிந்தது. ஒருநாள் காட்டைச் சுற்றி வந்து, வேலியை ஆட்டிப் பார்த்து, "செரி, தேதியப் பாருங்க" என்று மாமனிடம் சொல்லிவிட்டுப் போனாள். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

கல்யாணமாகி ஒரு வாரம் இருக்கும். சத்யா சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, எப்பங்க கெளம்பறோம்?"

"எங்க?"

"நீங்க குடியிருந்த சந்துக்குத்தான்."

"வேலைய உட்டுட்டு வந்துட்டனே சத்யா. இனிமே இங்கதான்."

கரண்டி பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மலையேறி வந்தது அவளுக்காக. அவள் எனக்குச் சம்மதித்தது மலை இறங்குவதற்காக. பாறையில் வரிவரியாக இறங்கிய அந்தச் சந்தில் போய் வாழ வேண்டும் என்றுதான் அம்மாவோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். என் கர்வம் அந்தச் சோற்றோடு ஆறிப்போனது. "அந்த ஊரு எங்க போயிரப் போவுது? ஒருநாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதனாலேயே எனக்கு அதிகமாக வலித்தது.

அந்த ஒருநாள் வருவதற்குள் என்னென்னவோ ஆகிவிட்டது. மகள் பிறந்தாள். கடை போட்டேன். ஊருக்குள் நிஜமாகவே டவர் வந்தது. பாறைக்கு யாரும் போவதில்லை. இப்போது படம் தொட்டவுடன் முழுசாக வந்து விழுகிறது, அதைவிட வேகமாக விரல் அதைத் தள்ளிவிடுகிறது. நான் மலையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். "இதத்தான் தெனம் பாக்கறமேடா" என்றான் தங்கராசு. அதோடு நாடித்துடிப்பு நின்றது.

போன வருஷம்தான் மகளை அத்தையிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் சென்னைக்குப் போனோம். புரசைவாக்கத்தில் இறங்கி நடந்தோம். சந்து இருந்த இடத்தில் மெட்ரோ வேலைக்காக ஆள் உயரத் தகரத்தை நட்டு அடைத்திருந்தார்கள். உள்ளே ஏதோ ஒரு பெரிய இயந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டிருந்தது. வழி தவறிவிட்டேனோ என்று நான் இரண்டு தடவை முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன்.

சத்யா தவறவில்லை. தகரத்துக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள். "இங்க ஒரு நீலக் கதவு. அதுக்கு மேல ஒடஞ்ச பக்கெட்டுல ஒரு ரோசாச்செடி வெச்சிருப்பாங்க. அடுத்த ஊட்டுச் சன்னல்ல ஒரு அக்கா நின்னு தல சீவிட்டிருக்கும். எப்பவும் பச்ச ரிப்பன். அந்தத் திருப்பத்துல ஒரு சைக்கிள், சீட்டுல பாலித்தீன் பை கட்டியிருக்கும். அவங்கெல்லாம் எங்கீங்க போயிருப்பாங்க?"

நான் அந்தச் சந்தில் வருஷக்கணக்காகக் குடியிருந்தேன். சன்னலில் ஒரு பெண் நின்றதே எனக்குத் தெரியாது. "தெரியல" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவரை ஒருநாள்கூடக் காலடி வைக்காத ஊருக்காக அவள் அழுதாள். அங்கே வாழ்ந்த எனக்கு அந்த அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கலாமுங்க" என்றாள்.

எடுத்திருக்கலாம்தான். அங்கே இருந்த கடைசி மாதங்களில் தினமும் காலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தச் சந்தின் பக்கம் ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போனேன், அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று, குப்பைமேட்டைத் தேடி.